அம்மாவின் தட்டும் பிள்ளையின் நாற்பதாவது வயதும்

கேள்வி கேட்டவர் ஐந்தாம் மாதக் கர்ப்பிணி. மாமியார் "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்கிறாராம். அம்மாவோ "குழந்தை பெரிதாகிவிட்டால் ஆபரேஷன்தான், அளவாகச் சாப்பிடு" என்கிறாராம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. இப்போது சாப்பிடுவதைப் பொறுத்துத்தான் பிள்ளைக்கு நாற்பது வயதில் சர்க்கரை வருமா வராதா என்பது முடிவாகிறதா, அப்படியானால் என்னதான் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறார்.

முடிவாவதில்லை. ஆனால் கருவில் கிடைத்த உணவு பிள்ளையின் உடம்பை ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைக்கிறது. அந்தச் சாய்வு பின்னாளில் கூடுவதும் குறைவதும் வளர்ப்பைப் பொறுத்தது. சாய்வு இரண்டு வழிகளில் வரும். ஒன்று, கருவுக்கு வேண்டிய சத்து போய்ச் சேராமை. மற்றொன்று, தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து அது அப்படியே கருவுக்குப் போய்ச் சேர்வது. நம் வீடுகளின் சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் ஒரே பெண்ணின் தட்டில் ஒன்றாக இருக்கின்றன. சோறும் இனிப்பும் தேவைக்கு மேல். பருப்பு, முட்டை, பால், மீன், கீரை தேவைக்குக் கீழ். அதனால் மாமியாரின் யோசனையைக் கேட்டால் முதலாவது குறை தீராமல் இரண்டாவது கூடிவிடும். அம்மாவின் யோசனையைக் கேட்டால் இரண்டாவது கொஞ்சம் குறைந்து முதலாவது மோசமாகும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிந்தனைக்கு வலுவான தொடக்கம் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த பழைய பேரேடுகள். அங்கே 1911 முதல் மருத்துவச்சிகளும் வீடு தேடிப் போகும் செவிலியரும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் எழுதி வைத்தார்கள். எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற பெண் அதிகாரி ஏற்படுத்திய முறை அது. பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேட்டில் இருந்த குழந்தைகளை முதியவர்களாகத் தேடிப் பிடித்தார்கள். 64 வயதை எட்டியிருந்த ஆண்களைச் சோதித்தபோது, ஐந்தரை பவுண்டு, அதாவது இரண்டரை கிலோ, அல்லது அதற்கும் குறைவான எடையில் பிறந்தவர்களில் 40 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ இருந்தது. ஒன்பதரை பவுண்டுக்கு மேல் பிறந்தவர்களில் அது 14 சதவீதம். 1992இல் பார்க்கரும் நிக்கோலஸ் ஹேல்ஸும் சேர்ந்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: பஞ்சத்தில் வளரும் கரு சிக்கனமான உடம்பைக் கட்டிக்கொள்கிறது, பிறகு அந்த உடம்பு மிகுதியைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது.

ஆனால் பிறப்பு எடை வேறு, தாயின் உணவு வேறு. புகை, மலேரியா, இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் கோளாறு எனப் பல காரணங்களால் எடை குறையலாம். உணவை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கர்ப்பிணிகளைப் பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும். எந்த மனிதரும் செய்யக் கூடாத அந்தச் சோதனையைப் போர் செய்து வைத்தது.

1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ரயில்வே ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் பதிலுக்கு மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். தடை தளர்ந்தபோது குளிர் கடுமையாகிக் கால்வாய்கள் உறைந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாமில் நவம்பர் இறுதியில் ஒருவருக்கான ரேஷன் நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே போனது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 400 முதல் 800 வரைதான். மக்கள் ட்யூலிப் கிழங்கைத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை கிடைத்ததும் சில வாரங்களில் உணவு மீண்டது. இத்தனை கூர்மையான தொடக்கமும் முடிவும் உள்ள பஞ்சம் வரலாற்றில் அரிது. எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று தேதியை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த நகரின் வில்ஹெல்மினா மருத்துவமனையில் பிறந்த 2414 பேரின் பேறுகால ஏடுகள் பத்திரமாக இருந்தன. அவர்களுக்கு ஐம்பது வயதானபோது சோதித்தார்கள். கருவின் நடுப்பகுதியிலும் கடைசியிலும் பஞ்சத்தைச் சந்தித்தவர்களுக்குக் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் சர்க்கரை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. முதல் மூன்று மாதத்தில் சந்தித்தவர்களிடம் வேறு விதமான பாதிப்பு: இதய நோயும் கெட்ட கொழுப்பும் அதிகம், பெண்களிடம் உடல் பருமனும் அதிகம். இவர்கள் பிறக்கும்போது எடை இயல்பாகவே இருந்தது. இது மிக முக்கியமான செய்தி. தராசில் நல்ல எடை காட்டிய குழந்தைக்குள்ளும் தொடக்கக் கால உணவுக் குறை தடம் பதித்திருந்தது.

தடம் எங்கே பதிகிறது? மாதச் சம்பளம் பாதியாகிப்போன குடும்பம் எப்படி அரிசிக்கும் வாடகைக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்ற செலவைக் குறைக்குமோ, அப்படித்தான் கருவும். மூளைக்குப் போகும் இரத்தம் காப்பாற்றப்படுகிறது. கணையம், சிறுநீரகம், கல்லீரல், தசை ஆகியவை கிடைத்ததை வைத்துச் சமாளிக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். பிறகு ஆயுள் முழுவதும் புதிதாக ஒன்றும் சேராது. குறைவான அலகுகளோடு பிறந்தவருக்கு இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் கையிருப்பும் பெரும்பாலும் கருவின் பிற்பகுதியிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும் அமைகிறது. தசை குறைவாக இருந்தால் சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிக்கொள்ள உடம்பில் இடமும் குறைவு.

இதற்கும் அடியில் இன்னொரு மட்டம் இருக்கிறது. மரபணுவின் எழுத்து மாறாமலேயே, அதன் மேல் ஒட்டும் மீத்தைல் என்ற சிறு வேதிக்குறிகள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றும். டச்சுப் பஞ்சத்தின்போது கருவானவர்களை அறுபது ஆண்டுகள் கழித்து அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கையரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் அந்தக் குறிகள் குறைவாக இருந்தன. பஞ்சம் இல்லாத இடத்திலும் இப்படி நடப்பதை ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கண்டார்கள். அங்கே மழைக்காலம் வயல் வேலை மிகுந்த, களஞ்சியம் காலியான காலம். மழையில் கருவான குழந்தைக்கும் கோடையில் கருவான குழந்தைக்கும் சில மரபணுக்களில் இந்தக் குறிகளின் அளவு வேறுபட்டது. தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போவதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாஜி முற்றுகையில் லெனின்கிராட் நகரமும் 1941 முதல் 1944 வரை பட்டினி கிடந்தது. அங்கே கருவிலோ கைக்குழந்தையாகவோ இருந்தவர்களைப் பின்னாளில் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையைக் கையாளும் திறனில் மற்றவர்களோடு வேறுபாடு தெரியவில்லை. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது: டச்சுக் குழந்தைகள் பஞ்சத்திலிருந்து நேராக மிகுதிக்குள் போனார்கள், லெனின்கிராடில் முற்றுகைக்குப் பிறகும் உணவு பல ஆண்டுகள் அளவாகத்தான் கிடைத்தது. கருவில் குறைவாகப் பெற்றதைவிட, குறைவாகப் பெற்ற பின் திடீரென்று மிகுதியாகப் பெறுவதுதான் அதிக ஆபத்து. இரண்டே தலைமுறையில் கஞ்சியிலிருந்து பிரியாணிக்கு வந்துவிட்ட நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். புணே நகரைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் 1993இல் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. கிட்டத்தட்ட 800 கிராம் குறைவு என்றால் எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? தசை குறைந்திருந்தது, வயிற்று உறுப்புகள் சிறுத்திருந்தன, ஆனால் முதுகுத்தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும், கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் எடையோடு ஒப்பிடும்போது அதிகமாக இருந்தன. ஒல்லியாகத் தெரியும் குழந்தை, உள்ளே கொழுப்போடு பிறக்கிறது. யாக்னிக் தம்மையும் தம் லண்டன் நண்பர் ஜான் யட்கினையும் ஒரே படத்தில் நிறுத்திக் காட்டியது மருத்துவ உலகில் பிரபலம். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சு அசலாக 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

அந்தத் தாய்மார்கள் என்ன சாப்பிட்டார்கள்? கலோரி மொத்தத்தைவிட, கீரை, பழம், பால் ஆகியவற்றை எத்தனை முறை சாப்பிட்டார்கள் என்பதுதான் குழந்தையின் வளர்ச்சியோடு நன்றாகப் பொருந்தி வந்தது. அதைவிட ஆழமான கண்டுபிடிப்பு ஒன்று 2008இல் வெளிவந்தது. மூன்றில் இரண்டு பங்குத் தாய்மார்களுக்கு வைட்டமின் பி12 குறைவு. ஆனால் ஃபோலேட், அதாவது மாத்திரையில் ஃபோலிக் அமிலமாகத் தரப்படும் வைட்டமின், போதிய அளவு இருந்தது. பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை, மிக அதிகமாக இருந்தது, கொழுப்பும் கூடுதல். இரண்டு வைட்டமின்களும் அதே மீத்தைல் குறிகளை உண்டாக்கும் பாதையில் சேர்ந்து வேலை செய்பவை. ஒன்று நிறைந்து மற்றொன்று வற்றினால் பாதை முடங்குகிறது.

உடனே ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும் மருந்து அது; அதன் பயன் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. செய்ய வேண்டியது பி12ஐயும் சேர்ப்பது. அரசு தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் பி12 கிடையாது. கீரையிலும் பருப்பிலும் அது இல்லை. மாவு புளிப்பதால் இட்லியில் வந்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, இவைதான் மூலம். நீங்கள் சைவம் என்றால் அடுத்த பரிசோதனையின்போது பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் எழுதித் தருவார்கள் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது.

இனி இரண்டாவது வழி, மிகுதி. டென்மார்க்கின் யோர்கென் பெடர்சன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைத் தெளிவாக்கினார். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. ஆகவே தாய்க்கு ஏறிய சர்க்கரையைச் சமாளிக்கக் கருவின் சிறு கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ள வேண்டியிருக்கிறது. அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடம் இதன் நீண்டகால விளைவைப் பார்த்தார்கள். கர்ப்பத்தின்போது சர்க்கரை நோய் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளில் 45 சதவீதம் பேருக்கு 20 முதல் 24 வயதுக்குள் சர்க்கரை நோய் வந்திருந்தது. நோய் இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளில் அது 1.4 சதவீதம்.

இது பரம்பரைதானே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அப்பா, சித்தப்பா கதையும் அதுதான். அதே மக்களிடம் 2000இல் வெளியான ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளில், தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்த பின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். பின் பிறந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. தந்தைக்கு நோய் வந்த காலத்தை வைத்து அப்படிப் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு இல்லை. ஆகக் குடும்பத்து மரபணு ஒரு பங்கு, கருப்பைக்குள் கிடைத்த சர்க்கரை அதற்கு மேல் இன்னொரு பங்கு. முதலாவதை மாற்ற முடியாது. இரண்டாவதை உங்களால் இப்போதே மாற்ற முடியும்.

சர்க்கரை நோய் இல்லாத தாய்மார்களுக்கும் இதில் செய்தி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வந்த சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. முடிந்ததும் ஒருவர் சாப்பிடும் சர்க்கரை நாளைக்கு ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக இரட்டித்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவிலிருந்து இரண்டு வயது வரை ரேஷன் காலத்தில் கழித்தவர்களுக்கு, பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும் உயர் இரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவு. வந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்தது. கருவில் இருந்த காலம் மட்டுமே இந்த நன்மையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தது. அந்த 40 கிராம் என்பது பட்டினி இல்லை. இன்றைய மருத்துவப் பரிந்துரையை ஒட்டிய அளவுதான்.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பரவலானது என்பதற்கு மருத்துவர் வி. சேஷையாவின் குழு 2008இல் வெளியிட்ட எண்கள் சான்று: கர்ப்பகாலச் சர்க்கரை நகரில் 17.8 சதவீதம், புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9. ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவை நகரங்கள் அப்போதே தாண்டியிருந்தன. எல்லாக் கர்ப்பிணிக்கும் சோதனை என்பதை அரசு முறையாகவே கொண்டுவந்ததில் நாட்டுக்கே தமிழ்நாடு முன்னோடி. அந்தச் சோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் முறை பதிவு செய்யும்போது, மறுபடி 24 முதல் 28 வாரத்துக்குள். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று இரண்டாவதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. தவறு அது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவது அந்த வாரங்களில்தான் தீவிரமாகிறது. நீங்கள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள், உங்கள் இரண்டாம் சோதனைக்கு நேரம் நெருங்கிவிட்டது.

இப்போது தட்டுக்கு வருவோம். கர்ப்பிணிகளிடம் உணவைப் பற்றிப் பேசுவதே என் வேலை என்பதால், நான் அடிக்கடி கேட்கும் ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஐந்து இட்லி, தண்ணீராக ஒரு கரண்டி சாம்பார். பதினொரு மணிக்கு, உடம்புக்கு நல்லது என்று ஒரு டம்ளர் ஜூஸ். மதியம் குவித்த சோறு, குழம்பு, ஓரமாக உருளைக்கிழங்குப் பொரியல், கடைசியில் மோர். மாலை டீயும் நான்கு பிஸ்கட்டும். இரவு மூன்று தோசை, சட்னி. படுக்கும்போது சர்க்கரை போட்ட குங்குமப்பூப் பால். வயிறு நிறைந்த நாள்தான். ஆனால் அந்தப் பாலையும் மோரையும் விட்டால் மொத்தமும் மாவும் சர்க்கரையுமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி கர்ப்பத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்கு 350 கலோரி. புரதம் இரண்டாம் மூன்று மாதத்தில் 9.5 கிராம் கூடுதல், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இந்த மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 24 கிராம் புரதமும் 350 கலோரியைச் சற்றே தாண்டிய சக்தியும் வந்துவிடும். அதாவது கர்ப்பத்துக்கென்று உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் ஒதுக்கீடு முழுவதையும் இவற்றுக்கே செலவழித்தால்தான் கணக்கு சரிப்படும். இன்னும் இரண்டு தோசைக்கும் ஒரு லட்டுக்கும் அதில் இடமே இல்லை. முட்டை சாப்பிடாதவர்கள் கெட்டியான தயிர், பனீர், இன்னொரு கிண்ணம் பயறு என்று ஈடுகட்டலாம்.

ஐந்து இட்லியை மூன்றாக்குங்கள், சாம்பாரைக் கெட்டியாக்கி இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு முட்டை. ஜூஸுக்குப் பதில் அந்தப் பழத்தையே கடித்துச் சாப்பிடுங்கள். கொய்யா, ஆரஞ்சு, எது கிடைக்கிறதோ அது. மதியம் முதலில் கீரையும் கூட்டும், பிறகு சோறு. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் மலிவும் நல்லதும் ஆகும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கலாம், அவை வேண்டாம். பிஸ்கட்டின் இடத்தில் சுண்டல். பாலில் சர்க்கரையை விட்டுவிடுங்கள், குங்குமப்பூ உங்கள் விருப்பம். மருத்துவர் தடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் கால் மணி நேரம் நடங்கள். விரதம் இப்போது வேண்டாம். கர்ப்பத்தில் உடம்பு வெகு சீக்கிரம் பட்டினி நிலைக்குப் போய்விடும்.

சோறே வேண்டாம், இறைச்சி மட்டும் போதும் என்று மறுகோடிக்கும் போகாதீர்கள். இப்போது அந்தப் பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. ஸ்காட்லாந்தின் மதர்வெல் நகரில் 1960களின் இறுதியில் ஒரு மருத்துவமனை கர்ப்பிணிகளை நாளைக்கு ஒரு பவுண்டு இறைச்சி சாப்பிடச் சொன்னது, மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகளுக்கு முப்பது வயதை ஒட்டிச் சோதித்தபோது, அம்மா சாப்பிட்ட இறைச்சியும் மீனும் கூடக்கூடப் பிள்ளையின் இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் கர்ப்பிணிகளுக்குப் புரதச் செறிவு மிகுந்த பானம் கொடுத்துப் பார்த்த சோதனையில் குறைப்பிரசவங்கள் கூடின. டப்பாவில் வரும் புரதப் பொடியை நீங்களாக வாங்கிக் குடிக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லட்டும்.

கர்ப்பத்தின் பாதியில் உணவை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் உடல் பருமனான கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை தந்து பெரிய சோதனைகள் நடந்தன. தாயின் உணவு மேம்பட்டது. பிள்ளையின் பருமனில் எதிர்பார்த்த அளவு மாற்றம் வரவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சிகிச்சை தந்தபோது பிறப்பு எடையும் பிரசவச் சிக்கலும் தெளிவாகக் குறைந்தன. நான்கைந்து வயதில் பிள்ளைகளின் எடையில் வேறுபாடு தெரியவில்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த சோதனைதான் எனக்கு நம்பிக்கை தருவது. அங்கே கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்குத் தினமும் கீரை, பழம், பால் சேர்த்த, சமோசா போன்ற சிற்றுண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். மற்றொரு குழுவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்தது. முதல் குழுவில் 7.3 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, இரண்டாவதில் 12.4. மருந்து மாத்திரை எதுவும் இல்லை, ஒரு சிற்றுண்டி. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்க மிகச் சரியான ஆள் இன்னும் கருவுறாத உங்கள் தங்கையோ நாத்தனாரோதான், அவர்களிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன வந்தாலும் அம்மாவின் வாயைக் குறை சொல்லும் வழக்கம் ஒன்று வளர்கிறது. எனக்கு அதில் கோபமே வரும். புணே கிராமத்துப் பெண்கள் கர்ப்பத்திலும் வயலில் வேலை செய்தார்கள். வேலைச்சுமை கூடிய தாய்மார்களின் குழந்தைகள் சிறியவையாகவே பிறந்தன. நம் வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவள் மருமகள். அந்நேரம் சட்டியில் குழம்பு இருக்கும், மீன் துண்டு இருக்காது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் நெய்யும் பேரீச்சையும் வீட்டுக்கே பொதுவாகிவிடுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி அக்கறை உள்ள மாமியார் செய்யக்கூடிய முதல் உதவி, மருமகளுக்கு முதலில் பரிமாறுவது. உங்கள் மாமியாரிடம் இதை உங்கள் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை.

பிறந்த பிறகும் வேலை இருக்கிறது. தெற்கு டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து வந்த ஆய்வு 2004இல் ஒரு முடிவைச் சொன்னது. 26 முதல் 32 வயதுக்குள் சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ வந்தவர்கள் இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதன் பிறகு பன்னிரண்டு வயது வரை எடை வேகமாக ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் யாரும் பார்வைக்குக் குண்டு இல்லை. ஆகவே உங்கள் குழந்தை இரண்டரை கிலோவில் பிறந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தைபோலக் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு பருப்பு, முட்டை, கீரை சேர்த்த வீட்டுச் சாப்பாடு. இரண்டு வயது வரை சர்க்கரையும் பிஸ்கட்டும் இல்லாமல். முதல் இரண்டு ஆண்டில் உயரமும் எடையும் நன்றாக ஏறட்டும். அதன் பிறகு உயரத்தைவிட எடை முந்துகிறதா என்று வளர்ச்சி அட்டையில் ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள்.

உங்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தால், பிரசவமான ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்துகொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும் அந்த வாரத்தில்தான் பெரும்பாலான பெண்கள் அதைக் கைவிடுகிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது அந்தச் சோதனையின் எண்தான் உங்கள் மருத்துவர் கேட்கும் முதல் எண்ணாக இருக்கும். தடுப்பூசிக்காகக் குழந்தையை ஆறாவது வாரம் எப்படியும் தூக்கிக்கொண்டு போவீர்கள். அன்றைக்கே, அதே இடத்தில், உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.